பூட்டு மாப்பிள்ளை வெளியே நின்ற காலை

எங்கள் மாப்பிள்ளைக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தது நான் இல்லை. அவருடைய அலுவலகத்தில் வைத்தார்கள். நான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து பரப்பினேன், அவ்வளவுதான் என் பங்கு.

கல்யாணமான புதிதில் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் பின்கதவைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, கடன் கேட்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அத்தை, பின்கதவுக்கு எத்தனை சாவி?” என்றார்.

“சாவியே கிடையாது மாப்பிள்ளை. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துச் சாத்துவோம்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்தச் செங்கல் யார் பொறுப்புல இருக்கு?” என்று கேட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

நாற்பத்தொரு வயது. ஒட்டடைக்குச்சி உயரம், ஒட்டடைக்குச்சி பருமன். தும்முவதற்குக்கூட பக்கத்தில் இருப்பவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் தும்முவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டில் இருந்த ஒரே துணி அலமாரியைத் தச்சரை வைத்து நான்கு அறைகளாகத் தடுத்தார். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, இரண்டு பெண் குழந்தைகளுக்கும் ஆளுக்கொன்று. “ஒருத்தர் மையைக் கொட்டினா இன்னொருத்தர் சட்டை கறையாகக் கூடாது” என்பது அவர் கொள்கை. என் மகள் என்னிடம் சொன்னாள்: “எங்க வீட்ல சண்டை போடணும்னாக்கூட முதல்ல எந்த அறைன்னு முடிவு பண்ணிட்டுத்தாம்மா போடணும்.”

இந்த அலமாரி மனிதரிடம்தான் அரசாங்கம் ஒரு பெரிய வேலையைக் கொடுத்தது.

அவர் அரசாங்கக் கணினித் துறையில் பொறியாளர். முன்பெல்லாம் ஒவ்வொரு துறைக்கும் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கும். உள்ளே கணினிகள் சூடாகி முனகிக்கொண்டிருக்கும். பிறகு எல்லாவற்றையும் ‘கிளவுட்’டுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. மேகம் என்று பெயர்தான். ஏதோ ஒரு நிறுவனம் எங்கோ கட்டி வைத்திருக்கும் பிரம்மாண்டமான கட்டடத்தில் நாம் இடம் பிடித்து, நம் வேலையை அங்கே ஓட்டுகிறோம். இடம் பிடிக்க ஒரு கணக்குத் திறக்க வேண்டும். அரசாங்கம் ஒரே ஒரு கணக்கைத் திறந்து, ஆஸ்பத்திரி, நிலப்பதிவு, ஓய்வூதியம், பள்ளித்தேர்வு என்று நான்கு துறைகளையும் அதற்குள் தள்ளிவிட்டது. நான்கு மருமகள்கள், ஒரே சமையலறை. என்ன நடக்குமோ அது நடந்தது.

தேர்வுப் பிரிவில் ஒருவர், தேர்வுதான் முடிந்துவிட்டதே என்று, ஒரு வெள்ளிக்கிழமை வேண்டாதவற்றையெல்லாம் துடைத்துப் பெருக்கினார். நல்ல மனசுதான். துடைத்ததில் ஆஸ்பத்திரியின் முன்பதிவுப் பட்டியலும் சேர்ந்து போய்விட்டது. திங்கள்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கிய வரிசையின் வால் பக்கத்து மாவட்டத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். கண் காட்ட வந்தவரைப் பல் மருத்துவரிடம் உட்கார வைத்தார்கள். முழங்கால் வலிக்குப் போன நான், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழாமல் இருந்ததற்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை அந்த வரிசையை நேரில் பார்த்தார். என்னைக் கூட்டிப்போக வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டு அதன் நுனியிலிருந்து அடிவரை நடந்து பார்த்தார். மறுநாள் அலுவலகத்தில் நாற்பது பக்கத் திட்டம் ஒன்றை எழுதத் தொடங்கினார்.

திட்டம் அந்த அலமாரிதான். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிக் கணக்கு, நடுவில் சுவர். யார் எதைத் தொட்டாலும் எழுதி வைத்துக்கொள்ளும் பதிவேட்டுக்கு ஒரு தனிக் கணக்கு. அதில் எழுதியதை அவரே நினைத்தாலும் அழிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைமைக் கணக்கு. முக்கியமான விதி ஒன்று: யாரிடமும் எந்த அதிகாரமும் நிரந்தரமாக இருக்கக் கூடாது. ஒரு கதவைத் திறக்க வேண்டுமா, விண்ணப்பம் போட வேண்டும். ஒப்புதல் கொடுக்க நியமிக்கப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் சரி என்றால் ஒரு மணி நேரத்துக்கு அதிகாரம் வரும். பிறகு தானாகப் போய்விடும்.

கூட்டத்தில் இணை இயக்குநர் இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார். “எதுக்கு இத்தனை கணக்கு? அரசாங்கம் ஒண்ணு, கணக்கும் ஒண்ணு” என்றார்.

“வீடும் ஒண்ணுதான் சார்” என்றார் மாப்பிள்ளை, தன் காலணியைப் பார்த்துக்கொண்டே. “இருந்தாலும் கக்கூஸுக்கும் சமையலறைக்கும் நடுவுல ஒரு சுவர் வைக்கிறோம்ல.”

துறைச் செயலாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டார். “ஆறு மாசம் தர்றேன். ஆறாவது மாசம் முதல் திங்கள்கிழமை, காலையில ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி புதுக் கணக்குல ஓடணும். ஒன்பதாகி ஒரு நிமிஷம் தாண்டினாலும் பழைய கணக்குலயே ஓட்டிக்கச் சொல்லிடுவேன். இன்னொரு தடவை ஜனங்களை வாசல்ல நிக்க வைக்க முடியாது. அப்புறம் இந்த நாற்பது பக்கத்தை யாரும் என்கிட்டக் கொண்டுவரக் கூடாது.”

மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். நாற்பதாம் பக்கத்தில் இருந்ததையும் படித்துக் காட்டினார்.

எல்லா வழியும் அடைபட்டுப்போனால் திறப்பதற்கு ஓர் அவசர வழி வேண்டும். அதற்குத் தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லையும், அதற்கான சின்னக் கருவியையும் வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து வைக்க வேண்டும். கருவி தீப்பெட்டியில் பாதி இருக்கும். அதில் ஓர் ஆறிலக்க எண் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். சொல் இல்லாமல் எண்ணுக்குப் பயன் இல்லை, எண் இல்லாமல் சொல்லுக்குப் பயன் இல்லை. ‘இவ்விருவரும் தமக்குள் கூடிப்பேசி ஒன்றுசேர வாய்ப்பில்லாதவர்களாக இருத்தல் வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.

“அப்படி ரெண்டு பேர் கிடைப்பாங்களா?” என்று செயலாளர் அம்மா கேட்டார்.

கூட்டத்தில் இருந்த பதினான்கு பேரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஜன்னலின் ஒரு கோடியில் ஆவண அறைப் பொறுப்பாளர் அக்கா உட்கார்ந்திருந்தார். மறுகோடியில் மின்சார மேற்பார்வையாளர் அண்ணன். இருவரும் எதிரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் சம்பந்திகள். அக்காவின் மகளை அண்ணனின் மகனுக்குக் கொடுத்திருந்தது. பிள்ளைகள் இருவரும் வேறு ஊரில் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு போட்டோ. கல்யாண மண்டபத்தில் திடீரென்று விளக்கெல்லாம் அணைந்துபோனது. பையனின் தகப்பனாரான அண்ணன், தொழில் மின்சாரம், பட்டுச்சட்டையோடு ஏணியில் ஏறிச் சரிசெய்தார். விளக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் இரண்டு குடும்பமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. வெளிச்சத்தைக் கொண்டுவந்தவர் அப்போதும் ஏணியில்தான் இருந்தார். குடும்பப் படத்தில் அவர் இல்லை. உற்றுப் பார்த்தால் மேலே ஓரத்தில் ஒரு செருப்பு தெரியும்.

அதிலிருந்து எல்லாமே அலுவலகக் குறிப்புத்தாளில்தான். ‘ஆவண அறையில் மின்விசிறி சுழலவில்லை. ஆவன செய்யவும்.’ ‘மின்விசிறி சரிசெய்யப்பட்டது. இனி சுழலும்.’ பேரன் பிறந்த செய்திகூட மூன்று பிரதிகளில் போனதாகக் கட்டடத்தில் பேச்சு.

மாப்பிள்ளையின் பார்வையில் இவர்கள் கடவுளே அனுப்பிவைத்த காவலர்கள். கடவுச்சொல் அக்காவிடம் போனது. அதை அக்காவே ஒரு சொல் பட்டியலை வைத்துக்கொண்டு பகடை உருட்டி எடுத்தார். எட்டுச் சொற்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அரக்கு முத்திரை வைத்த உறையில் போட்டு இரும்பு அலமாரியில் பூட்டினார். எண் காட்டும் கருவி அண்ணனிடம் போனது. ஒத்திகை பார்க்க வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சங்கடப்படுத்த மாப்பிள்ளைக்கு மனசு வரவில்லை. அக்காவிடம் செவ்வாய்க்கிழமையும் அண்ணனிடம் புதன்கிழமையும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒத்திகை முடிந்தது என்று எழுதிவிட்டார். ஆறு மாதத்தில் அவர் செய்த ஒரே இளகின காரியம் அதுதான்.

அந்தத் திங்கள்கிழமை வந்தது.

காலை ஆறு மணிக்கே அலுவலகம் போய்விட்டார். செய்ய வேண்டியவை முப்பத்திரண்டு. இருபத்தொன்பதை ஏற்கெனவே முடித்துவிட்டார். முப்பதாவது, தொண்ணூறு நாளாக உள்ளே வராதவர்களின் பெயரை நீக்கும் விதியை இயக்குவது. இயக்கினார். முப்பத்தொன்றாவது, தன்னிடம் இருந்த நிரந்தர அதிகாரத்தைத் தானே நீக்கிக்கொள்வது. கட்டியவனிடமும் சாவி இருக்கக் கூடாது இல்லையா. நீக்கினார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்ததாம். முப்பத்திரண்டாவது, ஆஸ்பத்திரிக் கணக்கின் வாசலைத் திறந்து ஊழியர்களை உள்ளே விடுவது. முதல் காரியமே முறைப்படி நடக்கட்டும் என்று விண்ணப்பம் போட்டார்.

திரையில் பதில் வந்தது. ஒப்புதல் அளிப்போர்: எவரும் இல்லை.

ஒப்புதல் தர நியமிக்கப்பட்டிருந்த இரண்டு பேர் யார் என்றால், செயலாளர் அம்மாவும் இணை இயக்குநரும். அம்மாவுக்கு நேரம் இல்லை, இணை இயக்குநருக்கு இஷ்டம் இல்லை. நியமித்த நாளிலிருந்து இருவரும் ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முப்பதாவது வேலை அவர்களைப் பெருக்கித் தள்ளிவிட்டது. முப்பத்தொன்றாவது வேலை மாப்பிள்ளையைத் தள்ளியது. வீட்டைக் கட்டி, சுண்ணாம்பு அடித்து, எல்லாரையும் வெளியே அனுப்பி, தானும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது மணி ஏழு பத்து.

என் மகளுக்குப் போன் செய்தார். “நான் வெளியே மாட்டிக்கிட்டேன்.”

“சாவியை விட்டுட்டுப் போயிட்டீங்களா? செருப்பு வைக்கிற இடத்துல பாருங்க.”

“வீடு இல்லம்மா. ஆபீஸ். நான் கட்டினதுக்குள்ள நானே போக முடியலை.”

என் மகள் கெட்டிக்காரி. சிரிப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டாள். “அவசரத்துக்குன்னு சம்பந்தி ரெண்டு பேர்கிட்டக் குடுத்து வச்சீங்களே, அவங்களைக் கூப்பிடுங்க.”

“அவங்க பேசிக்க மாட்டாங்களே.”

“அதுக்குத்தானே அவங்களைப் பிடிச்சீங்க?”

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு அக்காவின் எண்ணைத் தட்டினார்.

அக்கா கிளம்பி வந்துவிட்டார். ஏழு ஐம்பதுக்கு ஆவண அறையில் இருந்தார். “அவர் கூப்பிட்டு நான் வந்தேன்னு ஆகக் கூடாது. நீங்க கூப்பிட்டதால வந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உறையை எடுத்தார். அண்ணன் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை படியேறி ஓடினார். இருபது வருஷத்தில் அவர் ஓடியது அதுதான் முதல் தடவை. மூக்குக்கண்ணாடி ஒரு மாடியிலும் அவர் ஒரு மாடியிலும் இருந்ததாக வாசல் காவலர் சொன்னார்.

“அவங்களும் அந்த அறையில இருப்பாங்களா?” என்றார் அண்ணன், மோட்டாரிலிருந்து கையை எடுக்காமல்.

“இருக்கணும்ணே. விதி அப்படி.”

“அப்ப எழுத்துல வரட்டும்.”

“நானே எழுதித் தர்றேன்.”

“உங்க எழுத்து எதுக்குத் தம்பி? அவங்க இருக்கிற இடத்துக்கு நான் வரணும்னா அவங்க கூப்பிடணும். மூணு வருஷத்துக்கு முன்னாடி நிக்கக் கூப்பிடலை. இப்பவாச்சும் கூப்பிடட்டும்.”

மாப்பிள்ளை இறங்கி ஓடினார். அக்கா பேனாவை எடுத்து வெகுநேரம் தாளையே பார்த்தார். “வருகை தரவும்னு என்னால எழுத முடியாது” என்றார். “ ‘வரலாம்’னு எழுதுறேன். வேணும்னா வரட்டும்.”

மறுபடி மாடி. அண்ணன் தாளை வாங்கி, ஒரு கையில் தூரப் பிடித்துப் படித்தார். “வரலாம்னுதான் போட்டிருக்கு. வரணும்னு இல்லை” என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். இறங்கி வந்தார். மணி எட்டு இருபத்தைந்து.

கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு நாற்காலி. மாப்பிள்ளை எழுதிவைத்த விதி என்னவென்றால், சொல்லை வைத்திருப்பவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், கருவியை வைத்திருப்பவர் திருப்பிச் சொல்லித் தட்டச்சு செய்ய வேண்டும். பொறியாளர் காதில் ஒரு சொல்கூட விழக் கூடாது என்பதால் அவர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். ஐந்து முறை தவறினால் ஒரு நாள் முழுக்கத் திறக்காது. எல்லாம் அவர் போட்டதுதான். நடுவில் நின்று ஒருவர் பேச்சை மற்றவரிடம் எடுத்துச் சொல்லக்கூட அவருக்கு வழியில்லை.

உள்ளே நடந்ததை இருவரும் பிற்பாடு என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது. அவர்கள் விஷயத்தில் அதுவே ஓர் அதிசயம். கடவுச்சொல்லையும் இப்போது வெளியே சொல்லலாம், அன்றைக்கே மாற்றிவிட்டார்கள்.

அக்கா முத்திரையை உடைத்து, தாளைப் பிரித்து, கணினியைப் பார்த்துச் சொன்னார்: “குடை.”

“குடை” என்றார் அண்ணன், கணினியிடம்.

“தவளை.”

“தவளை.”

“ஏணி.”

அண்ணன் விரலை எடுத்துவிட்டார். காது மடல் சிவந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார். “என்ன சொன்னீங்க?”

“தாள்ல இருக்கிறதைத்தான் சொன்னேன்.”

“தாள்ல எழுதினது யாரு?”

“நான்தான். பகடை போட்டேன். பகடை சொன்னதை எழுதினேன்.”

“ஊர்ல வேற சொல்லே கிடைக்கலை பகடைக்கு.”

“வேணும்னா இந்தாங்க, தாளை நீங்களே பாருங்க. குடை இருக்கு, தவளை இருக்கு, பூசணி இருக்கு. உங்களைப் பூசணின்னும் சொன்னேனா?”

அண்ணன் பூசணிக்கு அருகில் வரக்கூடிய உருவம்தான். அக்கா அதை யோசிக்காமல் சொல்லிவிட்டார். அண்ணன் கோபத்தில் எட்டையும் தட்டினார். தவறு என்றது திரை. இரண்டாம் முறை சொற்கள் சரியாக விழுந்தன. ஆனால் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, “என்னோட செருப்பை மட்டும் ஆல்பத்துல போட்டீங்களே” என்று ஆரம்பித்தவர் முடிப்பதற்குள் எண் மாறிவிட்டது. அதுவும் தவறு. மணி எட்டு முப்பத்தெட்டு.

கண்ணாடிக்கு வெளியே மாப்பிள்ளை ஒன்பது விரல் நகத்தைக் கடித்து முடித்துப் பத்தாவதில் இருந்தார். உள்ளே வாய்கள் அசைவதுதான் தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. மூன்று வருஷம் பேசாதவர்கள் பேசுகிறார்கள் என்று ஒரு பக்கம் நெஞ்சு குளிர்கிறது. பேசிக்கொண்டேயிருக்கிறார்களே என்று மறுபக்கம் கடிகாரத்தைப் பார்க்கிறார். கண்ணாடியைத் தட்டி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு முறை போயிற்று என்று அர்த்தம். அண்ணன் அதைப் பார்த்து, இரண்டு நிமிஷம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

மூன்றாம் முறை அக்கா ஒரு கண்ணைத் தாளிலும் ஒரு கண்ணை அண்ணன் மேலும் வைத்துக்கொண்டு படித்தார். ரயிலுக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு சொல் விட்டுப்போனது. அதுவும் தவறு.

அக்கா தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றார். “போட்டோக்காரர் இல்ல. நான். விளக்கு வந்த உடனே எல்லாரும் ஒண்ணாச் சிரிச்சாங்க. என் பொண்ணு அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. இந்தச் சிரிப்பு போயிடப்போகுதேன்னு, எடுங்க எடுங்கன்னு கத்தினேன். நீங்க எங்கேன்னு தேடலை. என் தப்புதான்.”

அண்ணன் கருவியில் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை மாறியது.

“இதைச் சொல்ல மூணு வருஷமா?”

“நீங்க குறிப்புத்தாள்ல கேட்டீங்க. ‘காரணம் தெரிவிக்கவும்’னு. இதை எந்தத் தாள்ல எழுதறது?”

“ஏணியில இருந்து பார்த்தேன்” என்றார் அண்ணன். “என் பையன் சிரிச்சதும் நல்லாத்தான் இருந்துச்சு.” பிறகு நாற்காலியைக் கணினிக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சரி, படிங்க சம்பந்தியம்மா. நிதானமாப் படிங்க. வெளிய அந்தத் தம்பி செத்துப்போயிடுவான் போலிருக்கு.”

“குடை.”

“குடை.”

“தவளை.”

“தவளை. ஏணி. அது எனக்கே தெரியும். அடுத்தது?”

“ஜன்னல். பூசணி. ரயில். ஊசி. கொக்கு... இல்ல, இருங்க, கொக்கு எட்டாவது இல்ல. மணல்.”

“கொக்கு எங்கேயிருந்து வந்துச்சு?”

“அதைக் கோடு போட்டு அடிச்சு வச்சிருக்கேன். கண்ணாடியை மாத்தணும். மணல்தான்.”

எண்ணைத் தட்டினார். திரை ஒரு கணம் வெளுத்தது. திறந்தது.

மாப்பிள்ளை உள்ளே வந்து, நின்றபடியே, இருவர் கண்முன் இரண்டு காரியம் செய்தார். ஒப்புதல் தருபவர்களின் பெயரைத் திரும்பச் சேர்த்தார். ஆஸ்பத்திரிக் கணக்கின் வாசலைத் திறந்தார். வேறு எதையும் தொடவில்லை. இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். எட்டு ஐம்பத்திரண்டா ஐம்பத்து மூன்றா என்று அதிலும் ஒரு சின்னத் தகராறு. ஆஸ்பத்திரியிலிருந்து முதல் முன்பதிவு எட்டு ஐம்பத்தேழுக்கு உள்ளே வந்தது. முழங்கால் வலி. அது நான் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

ஒன்பது மணிக்கு எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. மாப்பிள்ளை ஒன்பது இருபதுக்குச் செயலாளர் அம்மாவின் அறைக்கு முன்னால் போய் நின்றார். இணை இயக்குநரும் உள்ளே இருந்தார்.

“மேடம், ஆஸ்பத்திரி ஓடுது” என்றார். “ஒன்பதுக்கு மூணு நிமிஷம் முன்னாடி முதல் பதிவு. ஆனா காலையில ஒரு தப்பு பண்ணிட்டேன். நான் சொல்லலைன்னாலும் பதிவேட்டுல இருக்கு. இருந்தாலும் நானே சொல்லணும்.” முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, மூன்றையும் வரிசையாகச் சொன்னார். ஒத்திகையை ஒன்றாக நடத்தாமல் நடத்தியதாக எழுதியதையும் சொன்னார். அது பதிவேட்டில் இல்லாத விஷயம்.

இணை இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். “நான் அப்பவே சொன்னேன் மேடம். ஒரே கணக்கா இருந்தா இப்படி மாட்டிக்கிட்டு நிக்க வேண்டியதில்லை. நான் ஒரு பட்டனைத் தட்டியிருப்பேன், திறந்திருக்கும்.”

“நீங்க தட்டினாலே திறந்திருக்கும்” என்று அம்மா திருப்பிச் சொன்னார். அது கேள்வியா என்று தெரியவில்லை. பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார். “உள்ளே போக வேற வழியே இல்லையா? குறுக்கு வழி ஏதாவது?”

“இல்லைங்க.”

“தேடினீங்களா?”

“அரை மணி நேரம் தேடினேன். எல்லாத்தையும் நான்தான் அடைச்சிருக்கேன்.”

“நீங்க கட்டினதை உங்களாலயே உடைக்க முடியலை.”

“முடியலைங்க மேடம்” என்றார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அம்மா அந்த நாற்பது பக்கத்தை இழுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். “ஒத்திகையை வர்ற வெள்ளிக்கிழமை நடத்துங்க. ஒரே அறையில. நானும் வர்றேன்” என்று சொல்லி, அடியில் கையெழுத்துப் போட்டார். மற்ற மூன்று துறைகளையும் தனித்தனிக் கணக்குக்கு மாற்றலாம் என்று அதற்கு மேலே எழுதியிருந்தது.

மாப்பிள்ளை தாளை வாங்கிக்கொண்டு திரும்பினார். கதவு வரை போயிருப்பார்.

“ஒரு நிமிஷம். தொண்ணூறு நாள் வரலைன்னு என் பேரையே எடுத்துட்டீங்களாமே?”

“ஆமாங்க. விதி.”

“இவர் பேரையும்?”

“அவர் பேரையும்தாங்க.”

இணை இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அதற்குள் தன் கணினியைத் திருப்பி வைத்தார். “சரி, வாங்க. எப்படி உள்ளே வர்றதுன்னு காட்டுங்க. இன்னிக்கே வந்துடுறேன்.”

மாப்பிள்ளை அருகில் போய்ப் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார். கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்ததும், அம்மா விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன்னால், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இணை இயக்குநர் திரும்பவில்லை. எங்கள் மாப்பிள்ளை, தும்முவதற்கு அனுமதி கேட்கிறவர், அவர் தோளைத் தொட்டு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.